சார்லஸ் போல்டனின் பாதையும் சீருடைக்குப் பிந்தைய என் ஆண்டுகளும்

இந்திய விமானப்படையின் பொறியியல் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றி, விங் கமாண்டராக 2013-இல் விருப்ப ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, விமான உதிரிபாகங்களைச் சோதித்துச் சான்று தரும் ஒரு தனியார் நிறுவனத்தின் சோதனைக்கூடத் தலைவராகப் பொறுப்பேற்றேன். முதல் நாளிலிருந்தே காலை எட்டு மணிக்கு நின்றபடியே ஒரு கூட்டம் நடத்தினேன். வேலை முடிந்ததா இல்லையா என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், காரணங்கள் வேண்டாம் என்பது என் விதி. கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இவ்வளவு ஒழுங்கான ஒரு தனியார் கூடத்தைப் பார்த்ததில்லை என்று வருகிறவர்கள் பாராட்டியபோது, படையிலிருந்து கொண்டுவர வேண்டியதைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டேன் என்றே நம்பினேன்.

இரண்டாவது மாதம், நாங்கள் தேறியதாகச் சான்று கொடுத்து அனுப்பிய ஹைட்ராலிக் வால்வுகளில் ஒரு தொகுதி அப்படியே திரும்பி வந்தது. அவற்றைச் சோதித்த மேடைக்குப் போனேன். அங்கே பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கும் டெக்னீஷியன் எதுவும் பேசாமல் அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடியை நகத்தால் இரண்டு முறை தட்டினார். முள் ஆடியது, ஆனால் பூஜ்யத்துக்கு வராமல் ஒரு கோடு மேலேயே நின்றுகொண்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வாரமாக என்றார். ஏன் சொல்லவில்லை என்று குரலை உயர்த்தினேன். "சார், வேலை முடிஞ்சுதா இல்லையான்னு மட்டும்தான் நீங்க கேட்டீங்க. முடிஞ்சுதுன்னு சொன்னேன்" என்றார். அவர் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்ற நிதானம்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் சார்லஸ் போல்டனைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்க மரைன் படையில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற அவர் அப்போது நாசாவின் தலைவராக இருந்தார். சுமார் 18,000 அரசு ஊழியர்களைக் கொண்ட, விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் நிறைந்த ஒரு நிறுவனத்தை ஒரு படைத்தலைவர் எப்படி நடத்துகிறார் என்று தெரிந்துகொள்வது எனக்கு அன்று அவசரத் தேவையாக இருந்தது. நாசா பொதுவில் வைத்திருக்கும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் அவருடைய நீண்ட பேட்டிகளும் இருக்கின்றன. படையிலிருந்து வெளியேறி வேறு பொறுப்புக்குப் போகவிருக்கும் எவருக்கும் அவற்றைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

நாசாவைத் தோற்றுவித்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் தலைவர் குடிமக்கள் வாழ்விலிருந்தே நியமிக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. விண்வெளியைப் படையின் கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதில் அன்றைய அதிபர் ஐசன்ஹோவர் உறுதியாக இருந்தார். அவரே ஐந்து நட்சத்திர ஜெனரலாக இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கடற்படை அட்மிரலும் விண்வெளி வீரருமான ரிச்சர்ட் ட்ரூலியை 1989-இல் நாசா தலைவராக்க வேண்டி வந்தபோது, அதற்கு விலக்களித்து அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. போல்டனுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. அவர் சீருடையைக் கழற்றிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் கேட்பது ஓய்வுக் கடிதத்தைத்தான். மனத்தளவில் சீருடையைக் கழற்றுவது வேறு வேலை என்பதை அந்தக் கேஜ் எனக்குக் காட்டியிருந்தது.

போல்டன் 1946-இல் தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். நிறப்பிரிவினை சட்டமாக இருந்த ஊரில், கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியில் படித்த அவருக்கு அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் சேர வேண்டும் என்ற ஆசை. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை தேவை. சொந்த மாநிலத்தின் உறுப்பினர்கள் எவரும் ஒரு கறுப்பின மாணவனைப் பரிந்துரைக்கத் தயாராக இல்லை. அவர் சோர்ந்துவிடாமல் அதிபர் லிண்டன் ஜான்சனுக்கே கடிதம் எழுதினார். கடைசியில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர் வில்லியம் டாசன் மூலம் இடம் கிடைத்தது. 1968-இல் தம் வகுப்பின் தலைவராக அங்கிருந்து பட்டம் பெற்றார். அடுத்து மரைன் படை, விமானிப் பயிற்சி. 1972, 1973-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தின் நாம் ஃபோங் தளத்திலிருந்து ஏ-6 இன்ட்ரூடர் விமானத்தில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மீது நூற்றுக்கும் மேற்பட்ட போர்ப் பறத்தல்கள். 1979-இல் பாட்டக்ஸன்ட் ரிவர் சோதனை விமானிப் பள்ளியில் தேர்ச்சி.

இப்படிப்பட்டவர் விண்வெளி வீரர் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. தன்னை எடுக்க மாட்டார்கள் என்று அவரே முடிவு செய்திருந்தார். 1978-இலேயே தேர்வாகியிருந்த ரான் மெக்நேர், அதே தென் கரோலினாக்காரர், அவரைச் சந்தித்தபோது விண்ணப்பித்தாயா என்று கேட்டார். கிடைக்காது என்று போல்டன் சொன்னதும், கேட்டுப் பார்க்காமலே உனக்கு எப்படித் தெரியும் என்று கடிந்துகொண்டார். போல்டன் விண்ணப்பித்தார், 1980-இல் தேர்வானார். எங்கள் படைகளிலும் இதே தயக்கத்தைப் பார்த்திருக்கிறேன். மேலிடம் கொடுக்கும் பணியை ஏற்பதே முறை, தானாகக் கேட்பது முறையல்ல என்று இருபது ஆண்டுகள் பழகிவிடுகிறோம். வெளியே வந்தபின் யாரும் அழைத்துக் கொடுப்பதில்லை. ஓய்வு பெறும் இளைய அதிகாரிகள் என்னிடம் வரும்போது, தகுதி உண்டா இல்லையா என்பதை நீங்களே தீர்ப்பளிக்காதீர்கள், விண்ணப்பத்தைப் போடுங்கள், தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும் என்றுதான் கூறுகிறேன். நான் இந்தப் பொறுப்புக்கு வந்ததும், பழைய சகா ஒருவர் கிட்டத்தட்ட மிரட்டி விண்ணப்பிக்க வைத்ததால்தான்.

போல்டன் நான்கு முறை விண்வெளிக்குப் போனார். நான் மறுபடி மறுபடி படித்தது முதல் பயணத்தைத்தான். கொலம்பியா விண்ணோடத்தின் அந்தப் பயணத்தில் அவர் விமானி. அதே குழுவில் பயணி நிலையில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் பில் நெல்சன் பிற்பாடு, 2021-இல், தாமும் நாசாவின் தலைவரானார். வருங்காலத் தலைவர்கள் இருவர் ஒரே ஓடத்தில் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஓடம் கிளம்பவே மறுத்தது. 1985 டிசம்பரில் ஒரு முறை, புறப்பட 14 விநாடிகள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. 1986 ஜனவரி 6 அன்று 31 விநாடிகள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. இந்த இரண்டாவது நிறுத்தத்தின் கதை, சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அன்று ஒரு வால்வு மூடாமல் திறந்தே இருந்ததால், ஓடத்தின் வெளித்தொட்டியிலிருந்து பெருமளவு திரவ ஆக்சிஜன் வெளியேறிப் போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது புலப்படவில்லை. எஞ்சினுக்குள் செல்லும் ஆக்சிஜனின் வெப்பநிலை அனுமதித்த எல்லைக்குக் கீழே இறங்கியதால்தான் புறப்பாட்டு எண்ணிக்கை நின்றது. அந்த ஒரு அளவு எல்லைக்குள் இருந்திருந்தால், தேவையான ஆக்சிஜன் இல்லாமலே ஓடம் கிளம்பியிருக்கும். பிற்பாடு, சேலஞ்சர் விண்ணோட விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் இதையும் ஆராய்ந்தபோது, பிழை நேர்ந்த நேரத்தில் அந்தப் பணியாளர்கள் தொடர்ந்து மூன்றாவது 12 மணி நேர இரவுப்பணியின் 11-ஆவது மணி நேரத்தில் இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்து, களைப்பைக் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. ஜனவரியில் இன்னொரு முயற்சி கைவிடப்பட்டபோது, தரைக் குழாயிலிருந்து முறிந்த ஒரு வெப்பநிலை உணர்கருவி எஞ்சினுக்குப் போகும் ஆக்சிஜன் வால்வில் சிக்கியிருந்தது தெரியவந்தது. ஒவ்வொரு தாமதமும் ஒரு பழுதைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியிலோ இந்த ஓடம் எப்போதுதான் போகும் என்ற எரிச்சல் பெருகிக்கொண்டிருந்தது. ஒருவழியாக ஜனவரி 12-இல் புறப்பட்டு 18-இல் தரையிறங்கினார்கள்.

பத்து நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. அதில் இருந்த எழுவரில் ரான் மெக்நேரும் ஒருவர். விண்ணப்பிக்கச் சொன்னவர் போய்விட்டார்; விண்ணப்பித்தவர் இருந்தார். முந்தைய இரவே, இவ்வளவு குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் தாங்காது என்று பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள் என்பதும், அந்தக் குரல் முடிவெடுக்கும் மேல்நிலை வரை சென்று சேரவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது என் கண் முன்னால் நின்றது அந்தக் கேஜின் முள்தான். எங்கள் வால்வுகளால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை; வாடிக்கையாளரின் பரிசோதகர் பிடித்துவிட்டார். ஆனால் தகவல் அடைபட்ட விதம் ஒன்றுதான்.

விமானப்படையில் எஃப்-700 என்று ஒரு ஏடு உண்டு. விமானத்தில் செய்யும் ஒவ்வொரு பணியும், செய்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்ற கையெழுத்துகளோடு அதில் ஏறும். அந்தக் கையெழுத்து விழாத விமானத்தில் விமானி ஏறமாட்டார். ஒரு கார்ப்பொரல் கையெழுத்திட மறுத்தால், எவ்வளவு பெரிய அதிகாரியின் அவசரமும் அங்கே செல்லாது. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த ஏட்டை நம்பித்தான் விமானங்களை வானுக்கு அனுப்பினேன். படை என்பது கட்டளையும் அந்த ஏடும் சேர்ந்தது. வெளியே வரும்போது நான் கட்டளையை எடுத்து வந்தேன், ஏட்டை விட்டுவிட்டேன். அந்த வாரமே எங்கள் கூடத்தின் வாசலில் ஒரு தடித்த நோட்டை வைத்து, நிறுத்த ஏடு என்று பெயர் எழுதினேன். எந்தச் சோதனையையும் யார் வேண்டுமானாலும் அதில் ஒரு வரி எழுதி நிறுத்தலாம்; எழுதியவரோடு நான் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அது மீண்டும் தொடங்கும். காலைக் கூட்டத்தின் கேள்வியையும் மாற்றினேன்: நேற்று உங்களை உறுத்தியது என்ன? தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் யாரையும் கூடுதல் பணியில் வைப்பதில்லை என்ற விதியும் ரோஜர்ஸ் ஆணையத்தின் அந்தப் பக்கங்களிலிருந்து வந்ததுதான். முதல் மூன்று வாரம் நோட்டில் எவரும் எழுதவில்லை. நானே என் முடிவு ஒன்றைத் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்ட மறுநாள்தான் இரண்டாவது பதிவு விழுந்தது.

1990 ஏப்ரலில் டிஸ்கவரி ஓடத்தின் விமானியாக ஹப்பிள் தொலைநோக்கியைச் சுற்றுப்பாதையில் விட்ட குழுவில் போல்டன் இருந்தார். 1992-இல் அட்லாண்டிஸ் பயணத்துக்குத் தலைமை தாங்கினார். அதற்கடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1994 பிப்ரவரியில் புறப்படவிருந்த டிஸ்கவரியில் முதன்முறையாக ஒரு ரஷ்ய விண்வெளி வீரரும் போகவேண்டும், குழுவுக்குப் போல்டன் தலைமை ஏற்கவேண்டும் என்று கேட்டார்கள். அவர் முதலில் மறுத்தார். தான் ஒரு மரைன், வாழ்நாளெல்லாம் அவர்களோடு போரிடவே பயிற்சி பெற்றவன் என்பது அவர் சொன்ன காரணம். முடிவெடுப்பதற்கு முன் அவர்களோடு ஒரு வேளை உணவாவது உண்டு பார் என்றார்கள். ரஷ்ய வீரர்கள் செர்கேய் கிரிகலியோவ், விளாடிமிர் டிடோவ் இருவரோடும் உட்கார்ந்தபோது பேச்சு குடும்பங்களையும் குழந்தைகளையும் சுற்றியே போனது. எழுந்தபோது அவர் மனம் மாறியிருந்தது. கிரிகலியோவ் அவர் குழுவில் பறந்தார். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வழிவிட்ட கூட்டுறவின் தொடக்கப் படிகளில் அதுவும் ஒன்று.

படையில் நமக்கு எதிரிகளைக் கற்றுத்தருகிறார்கள். அது அந்தப் பணியின் தேவை. வெளியே வந்தபின் அந்தப் பழக்கம் வேறு ஆட்கள் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. எனக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் மேல் ஒட்டிக்கொண்டது. அவர்களோடு எழுத்து மூலம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். போல்டனின் அந்த உணவைப் பற்றிப் படித்த பிறகு, கேன்டீனில் அவர்கள் உட்காரும் மேசைக்கே என் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் யாரும் பேசவில்லை. நான்காவது நாள் ஒருவர், தன் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் எந்தப் பிரிவை எடுக்கலாம் என்று கேட்டார். அந்த ஆண்டின் சம்பள ஒப்பந்தம் வாக்குவாதங்கள் இருந்தும் வேலை நிறுத்தம் இல்லாமல் கையெழுத்தானது.

அந்தப் பயணம் முடிந்ததும் போல்டன் நாசாவை விட்டு மரைன் படைக்கே திரும்பினார். 1998-இல் மேஜர் ஜெனரலானார். பிறகு மூன்றாம் மரைன் விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 2002-இல் நாசாவின் துணைத்தலைவர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டு, போர்க்காலத்தில் ஒரு ஜெனரலை விடுவிக்கப் பாதுகாப்புத் துறை விரும்பாததால் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். 2009-இல் அதிபர் ஒபாமா அவரை நாசாவின் 12-ஆவது தலைவராக நியமித்தார். விண்வெளிக்குப் போய்வந்து அந்த நாற்காலியில் அமர்ந்த இரண்டாமவர் அவர். நிரந்தரத் தலைவரான முதல் கறுப்பினத்தவரும் அவரே.

ஏழு மாதத்துக்குள் பெரிய சோதனை வந்தது. நிலவுக்குத் திரும்பும் கான்ஸ்டலேஷன் திட்டத்தில் அதுவரை சுமார் 900 கோடி டாலர் செலவாகியிருந்தது. 2010 பிப்ரவரி வரவுசெலவு அறிக்கையில் அதைக் கைவிட அரசு முடிவு செய்தது. பல ஆண்டுகளாக அதில் உழைத்த நாசா ஊழியர்களுக்கும், தொகுதிகளில் வேலைவாய்ப்பைக் காக்க வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் முன்கூட்டி எதையும் விளக்கியிருக்கவில்லை. எதிர்ப்பு இரு கட்சிகளிலிருந்தும் கிளம்பியது. அந்த மே மாதம் செனட் குழுவின் முன்னால், நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் கடைசியாக நடந்த யூஜின் செர்னனும் திட்டத்தைக் கைவிடுவதை எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். அதே நாளில் போல்டனும் தம் தரப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. தாம் வழிகாட்டிகளாகக் கொண்டவர்களுக்கு எதிராகப் பொதுவில் பேசுவது எந்தப் படைவீரனுக்கும் கடினம். முடிவை அறிவித்த விதம் சரியில்லை என்பதை அவர் மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். கடைசியில் அக்டோபரில் வந்த சட்டம் ஒரு சமரசம்: ஓரியன் கலமும் எஸ்எல்எஸ் என்ற பெரிய ராக்கெட்டும் ஒரு பக்கம், விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச்செல்லத் தனியார் நிறுவனங்கள் மறுபக்கம். 2014 செப்டம்பரில் போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்டன. ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் மனிதர்கள் முதலில் பறந்தது 2020 மே மாதம். போல்டன் பதவி விலகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கேதான் படை அதிகாரிக்கு மிகக் கடினமான பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம். படையில் முடிவெடுத்துவிட்டுச் சொல்கிறோம். குடிமக்கள் நிறுவனத்தில் முடிவைச் சொல்லும் முறையும் முடிவின் ஒரு பாகம். நாசா தலைவருக்கு ஜெனரலின் நட்சத்திரங்கள் உதவுவதில்லை; பணத்தை ஒதுக்குவது நாடாளுமன்றம், கொள்கையை வகுப்பது வெள்ளை மாளிகை, வேலையைச் செய்வது தன்மானம் மிகுந்த விஞ்ஞானிகள். போல்டன் அதை அடிபட்டுத்தான் கற்றார். அவருக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் எனக்கு என்ன என்று அன்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. எங்கள் கூடத்தில் ஒரு பழைய சோதனை மேடையை மூட வேண்டி வந்தபோது, அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவதற்கு முன் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மேடையில் வேலை செய்த ஒன்பது பேரிடமும் தனித்தனியே பேசினேன். அவர்களில் இருவர் சொன்ன யோசனையால் மேடையின் பம்பையும் குழாய்களையும் வேறு மேடைக்கு மாற்ற முடிந்தது. அந்தச் செலவு என் கணக்கிலேயே வந்திருக்கவில்லை.

2014 செப்டம்பர் 30 அன்று டொரான்டோவில் போல்டனும் இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணனும், ரேடாரால் புவியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோளைக் கூட்டாக அமைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. நிசார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2025 ஜூலை 30-இல். அந்த மாலை எங்கள் கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, ஒரே கணினித் திரை முன்னால் கூடி நின்று பார்த்தோம். இடையில் நாசாவிலும் இஸ்ரோவிலும் தலைவர்கள் பலர் மாறிவிட்டார்கள்; வேலை மட்டும் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது.

கேஜைத் தட்டிக் காட்டிய அந்த டெக்னீஷியன் இப்போது காலைக் கூட்டத்தை நடத்துகிறார். நான் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். நிறுத்த ஏடு ஐந்தாவது நோட்டுக்கு வந்துவிட்டது. இந்த வாரம் அதில் நான்கு பதிவுகள். மூன்றைப் பேசித் தீர்த்தோம். நான்காவது, ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குகிறதென்று ஒரு சோதனையின் காத்திருப்பு நேரத்தைக் குறைக்க நான் சொன்னதைப் பற்றியது. சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் எழுதியிருக்கிறார். அந்தச் சோதனை இன்னும் நிறுத்தத்தில்தான் இருக்கிறது. நாளைக் காலை அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.